நெய்ஸ்மித்தின் முதல் பருவம்: 11 ஆட்டங்கள், 4 தோல்விகள்

கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஆண்டுகளில் 55 ஆட்டங்களில் வென்றார், 60 ஆட்டங்களில் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணிக்கு இன்றுவரை வாய்த்த பயிற்சியாளர்களில், வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ளவர் அவர் ஒருவர்தான். கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகப் பணிபுரியும் நான், புதிதாக அணிக்கு வரும் மாணவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். “கண்டுபிடிச்சவரே தோத்தாரா சார்?” என்று யாராவது ஒருவர் கேட்பார். “தோத்தாருப்பா, அதுவும் மொத ஆட்டத்துலயே தோத்தாரு” என்பேன்.

அந்த முதல் ஆட்டத்தையும், அது தொடங்கி வைத்த பருவத்தையும் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். வசதி இல்லாத இடத்தில்தான் இந்த ஆட்டம் பிறந்தது, வசதி இல்லாத கல்லூரிகளில்தான் அது வளர்ந்தது, இன்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதிகளில் பலவும் ஏதோ ஓர் அறையின் குறையைச் சமாளிக்க எழுதப்பட்டவை என்பது என் உறுதியான எண்ணம். உள்ளரங்கம் இல்லாத மாவட்டத்தில் விளையாடுகிறோம் என்று மனம் தளர்கிற பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டம் பிறந்த கதை பலரும் அறிந்ததுதான் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாமல் சலிப்படைந்திருந்த மாணவர்களுக்காக, 1891 டிசம்பரில் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதினார். ஒரு பக்கத்துக்கு 9 பேராக 18 பேர் ஆடினார்கள். ஏனென்றால் அந்த வகுப்பில் இருந்தவர்களே அத்தனை பேர்தான். கால்பந்தை வைத்து ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது.

கனடாவில் சிறுவனாக இருந்தபோது நெய்ஸ்மித் ஆடிய ஓர் ஆட்டம் அவருக்கு வழிகாட்டியது. பெரிய பாறையின் மேல் ஒரு கல்லை வைத்து, தொலைவிலிருந்து கல்லெறிந்து அதை வீழ்த்த வேண்டும். வேகமாக நேரே எறிந்தவன் குறி தவறினால், தன் கல்லை எடுத்து வர வெகுதூரம் ஓட வேண்டும். மெதுவாக வளைத்து எறிந்தவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைத்துவிட்டால் முரட்டு வேகத்துக்குப் பயனில்லாமல் போகும், யாரும் யார்மீதும் பாய மாட்டார்கள் என்று அவர் கணக்கிட்டார். உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றி ஓடுவதற்காக ஒரு மாடம் கட்டப்பட்டிருந்தது. பீச் பழக் கூடைகள் அந்த மாடத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டப்பட்டன. மாடத்தின் உயரம் 10 அடி. உலகம் முழுவதும் இன்று வளையம் 10 அடி உயரத்தில் இருப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. நம் கல்லூரி மைதானத்தில் கம்பம் நடும் கொத்தனார் அளந்து வைக்கிற அந்த 10 அடி, ஸ்பிரிங்ஃபீல்டு மாடத்தின் உயரமே.

கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகையின் கதையும் இதே போன்றதுதான். மாடத்தில் நின்று பார்த்தவர்கள் கையை நீட்டி, தங்கள் அணியின் பந்தை உள்ளே தள்ளிவிடவும் எதிரணியின் பந்தைத் தட்டிவிடவும் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் முதலில் கம்பி வலையும், பிறகு மரப்பலகையும் வந்தன. பந்து பலகையில் பட்டுத் திரும்பியதும் அதை அடித்துக் கூடையில் போடும் உத்தி தானாகப் பிறந்துவிட்டது.

கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்கள் மிக விரைவில் வந்துவிட்டன. 1895 பிப்ரவரி 9 அன்று மினசோட்டாவில், ஹாம்லின் கல்லூரியை ஒரு வேளாண் பள்ளி அணி 9-3 என்ற கணக்கில் வென்றது. அன்றும் ஒரு பக்கத்துக்கு 9 பேர்தான். அந்த ஹாம்லின் அணியைத் தயார் செய்த ரே கைன், ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஆடியவர். 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழக அணி அயோவா சிட்டிக்குச் சென்று, அயோவா பல்கலைக்கழக அணியோடு ஒரு பக்கத்துக்கு 5 பேராக ஆடி, 15-12 என வென்றது. இரண்டு அணியும் ஒருவரைக்கூட மாற்றாமல், தொடங்கிய ஐவரைக் கொண்டே ஆட்டத்தை முடித்தன. ஆனால் அயோவாவுக்காக ஆடியவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரில் திரண்ட அணி அல்லர், அங்கே படித்துக்கொண்டிருந்த ஒய்.எம்.சி.ஏ. ஆட்டக்காரர்கள் என்று சொல்லி, இதை முதல் கல்லூரி ஆட்டமாக ஏற்காதவர்களும் உண்டு. அப்படிச் சொல்பவர்கள் 1897 மார்ச்சில் யேல் பல்கலைக்கழக அணி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 32-10 என்று வென்ற ஆட்டத்தை முதலாவதாகக் கொள்கிறார்கள். எது முதல் என்ற இந்த வழக்கில் எனக்கு அதிக நாட்டம் இல்லை. ஒய்.எம்.சி.ஏ. கூடங்களும் கல்லூரிகளும் அந்த நாளில் எந்த அளவுக்குக் கலந்து கிடந்தன என்பதை அது காட்டுகிறது, அதுவே எனக்கு முக்கியம்.

இனி கான்சஸ் கதைக்கு வருகிறேன். டென்வரில் மருத்துவப் படிப்பை முடித்த நெய்ஸ்மித், 1898இல் லாரன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்த கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். வழிபாட்டுக் கூடத்தை நடத்தவும் உடற்கல்வி கற்பிக்கவும்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். அணிக்குப் பயிற்சி தருவது அவரை அழைத்த காரணங்களில் இல்லை. மாணவர்களுக்கு ஆட்டத்தைக் காட்டினார், அவர்களுக்குப் பிடித்துப்போனது, சில மாதங்களில் ஓர் அணி உருவாகிவிட்டது. 1899 பிப்ரவரி 3 அன்று கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியோடு அவர்கள் முதன்முதலாக மோதி, 16-5 என்ற கணக்கில் தோற்றார்கள். அந்தப் பருவம் முடிந்தபோது 11 ஆட்டங்களில் 7 வெற்றி, 4 தோல்வி என்று கணக்கு நின்றது.

அணியைத் திரட்டிவிட்டால் போதுமா, மோதுவதற்கு ஆள் வேண்டாமா என்ற கேள்வி எங்களைப் போன்ற ஊர்களில் இன்றும் இருக்கிறது. அன்று கான்சஸைச் சுற்றியிருந்த கல்லூரிகளில் அணி வைத்திருந்தவை மிகச் சில. ஆகவே அவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து நகரங்களின் ஒய்.எம்.சி.ஏ. அணிகளோடு ஆடினார்கள். அந்த அணிகளில் இருந்தவர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் கூடத்துக்கு வந்து பல ஆண்டுகள் பழகிய இளைஞர்கள். நேற்றுக் கற்றுக்கொண்ட மாணவர்கள் அவர்களிடம் 16-5 என்று தோற்றதில் வியப்பு ஒன்றுமில்லை. லாரன்சிலிருந்து கான்சஸ் சிட்டி சுமார் 65 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்குப் போவதைவிடக் கொஞ்சம் அதிகம், சேலத்துக்குப் போவதைவிட நன்றாகவே குறைவு. எங்கள் அணிக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டி வரும்வரை கல்லூரி அணிகள் எளிதில் கிடைப்பதில்லை. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் இளைஞர்கள், காவல்துறை அணி, எங்கள் முன்னாள் மாணவர்கள் என்று கிடைத்தவர்களோடு ஆடித்தான் பருவத்தை ஓட்டுகிறோம். வயதும் உடற்கட்டும் கூடியவர்களோடு மோதித் தோற்பது மாணவர்களுக்கு வருத்தம் தருகிறது. ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரமில்லை என்பதை அவர்கள் கற்பது அந்த ஆட்டங்களில்தான் என்பதை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

16-5 என்ற கணக்கைக் கேட்கும் இன்றைய மாணவர்கள், அத்தனை நேரம் என்னதான் ஆடினார்கள் என்று வியப்பதுண்டு. எங்கள் அணி ஒரு கால்பகுதியிலேயே அவ்வளவு புள்ளிகளை எடுத்துவிடும். காரணங்களை எண்ணிப் பார்த்தால் அந்த நாளைய ஆட்டம் கண்முன் வந்து நிற்கும். ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்ததும், ஆட்டம் நடுவட்டத்துக்குத் திரும்பி, நடுவர் பந்தை மேலே தூக்கிப் போட, இரண்டு அணிகளின் சென்டர்களும், அதாவது நடு ஆட்டக்காரர்களும், எம்பித் தட்ட வேண்டும். இந்த விதி 1937 வரை நீடித்தது. அடியில் திறந்த வலை விதிப்படி நிலைபெற்றது 1910களில்தான். அதற்கு முன்பு பந்து கூடைக்குள்ளேயே தங்கிவிடும், கயிற்றையோ சங்கிலியையோ இழுத்தோ கழியால் குத்தியோ அதை வெளியே எடுத்தார்கள். பந்தின் தோலைக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்ததால், அந்த முடிச்சு தரையில் படும்போதெல்லாம் பந்து நினைத்த திசையில் எழும்பாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் ‘டிரிபிள்’ (dribble) அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. பந்தோடு ஓடக் கூடாது, நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது நெய்ஸ்மித்தின் விதி. யாரும் பந்தைத் தரையில் தட்டிச் செல்வார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. சூழப்பட்ட ஓர் ஆட்டக்காரர் தப்பிக்க வழியில்லாமல் பந்தைத் தரையில் போட்டுத் தானே பிடித்ததில் தொடங்கி, யேல் மாணவர்கள் அதை ஓர் உத்தியாகவே வளர்த்தெடுத்தார்கள். தன் விதியில் கிடைத்த இந்த இடைவெளியைக் கண்டு நெய்ஸ்மித் கோபப்படவில்லை, ஆட்டத்தின் அழகான பகுதிகளில் ஒன்றாக அதைப் போற்றினார் என்பது எனக்கு அவர்மீது மதிப்பைக் கூட்டுகிறது.

எதிரணி ஃபவுல் செய்தால், அதாவது விதியை மீறினால், யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ விஷயத்தில் இன்னொரு வேறுபாடு உண்டு. ஃபவுல் யார்மீது செய்யப்பட்டாலும், அணியில் நன்றாகக் குறிபார்ப்பவர் ஒருவரே எல்லா ஃப்ரீ த்ரோக்களையும் எறியலாம். 1920களில்தான், ஃபவுலுக்கு ஆளானவரே எறிய வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த மாற்றம் வராமல் இருந்திருந்தால் எங்கள் அணியின் பாதித் தோல்விகள் வெற்றியாகியிருக்கும் என்று எங்கள் கேப்டன் சொல்வதை நான் மறுக்கவில்லை.

இப்போது எங்கள் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறந்தவெளியில் சிமென்ட் தரை, கிழக்கே மலைக்கோட்டையின் பாறை முகம், மேற்கே தடுப்பு எதுவும் இல்லை. கல்லூரி திறந்து அணியைத் தேர்வு செய்யும் நேரம் சரியாக ஆடிக் காற்று வீசும் நேரம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் பந்து, உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் காற்று அதை ஒரு முழம் தள்ளிவிடும். வளையத்தை நேரே குறிவைத்து எறிந்தால் பந்து வலது ஓரத்தில் பட்டு வெளியே போகும். ஆகவே எங்கள் மாணவர்கள் முதலாமாண்டிலேயே, வளையத்துக்கு அருகே புகுந்து, பலகையில் வரைந்த சிறு சதுரத்தின் மேல்மூலையில் பந்தை மெதுவாக வைத்து உள்ளே விழச் செய்யும் லே அப் முறையில் தேறிவிடுகிறார்கள். மாடத்து ரசிகர்களின் கையைத் தடுக்க வைத்த பலகை, இங்கே காற்றைத் தடுக்க உதவுகிறது. காலை ஆறு மணிக்குப் பயிற்சி தொடங்கினால் ஒன்பது மணிக்குள் முடித்தாக வேண்டும், பிறகு தரை காலைச் சுடும். சிமென்டில் தேய்ந்து தேய்ந்து, ஒரு பருவம் முடிவதற்குள் ரப்பர் பந்தின் மேலிருக்கும் சிறு புள்ளிகள் வழவழப்பாகிவிடும். அப்போது விரல்நுனியால் பிடிக்கக் கற்றவர்களே பந்தை நழுவவிடாமல் ஆடுவார்கள்.

கான்சஸ் மாணவர்கள் முதலில் ஆடிய கூடமும் இதற்காகக் கட்டப்பட்டது அன்று. தாழ்ந்த கூரையின் கீழ் உயரமாக வளைத்து எறிய முடியாது. ராபின்சன் ஜிம்னேசியம் என்ற முறையான உடற்பயிற்சிக் கூடம் அங்கே வந்தது 1907இல், அதாவது நெய்ஸ்மித் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகிய ஆண்டில். கூரை தாழ்ந்தால் தட்டையாக எறிவதும், காற்று வீசினால் பலகையை நம்புவதும், இடம் தரும் பாடங்கள். உள்ளரங்கத்தில் மட்டுமே பழகிய நகரத்து அணிகள் இங்கே வந்து ஆடும்போது இந்தப் பாடத்தை அவர்கள் பாதி ஆட்டம் முடிந்த பிறகே கற்கிறார்கள்.

பெண்களின் ஆட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. எங்கள் மாவட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை நன்றாக ஆடிய பெண்கள், கல்லூரிக்கு வந்ததும் வீட்டாரின் தயக்கத்தால் நிறுத்திவிடுகிறார்கள். இது ஆண்களுக்கான ஆட்டம், பெண்கள் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் அந்தத் தயக்கத்துக்குள் இருக்கிறது. வரலாறு அப்படி இல்லை. ஆட்டம் பிறந்து ஓராண்டு ஆகும்போதே, ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் அதைத் தன் மாணவிகளுக்குக் கற்பித்துவிட்டார். 1893 மார்ச்சில் அங்கே முதலாமாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லாத அந்த ஆட்டத்துக்குக் கூடம் நிரம்பியிருந்தது. 1896 ஏப்ரல் 4 அன்று ஸ்டான்ஃபோர்டு மாணவிகள், பெர்க்லியில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவிகளை 2-1 என்று வென்றார்கள். அதாவது யேல், பென்சில்வேனியா ஆடவர் அணிகளின் அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, நெய்ஸ்மித் கான்சஸில் காலடி வைப்பதற்கும் முன்பே, இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். பெற்றோரைப் பார்த்துப் பேசப் போகும்போது நான் இந்தத் தேதிகளைக் கையோடு கொண்டுபோகிறேன். பயணத்துக்குத் துணையாக ஓர் ஆசிரியை வருவாரா, எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்ற கேள்விகளுக்கு நேரான பதிலும், இந்த வரலாறும் சேரும்போது சில அப்பாக்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

நெய்ஸ்மித் தோற்றதற்கு அவர் வெற்றியைப் பெரிதாக மதிக்காததும் ஒரு காரணம். உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் வழியாகவே அவர் ஆட்டத்தைப் பார்த்தார். தன் அணி ஆடிய ஆட்டங்களிலேயே சில வேளை நடுவராகவும் நின்றார். அவருடைய மாணவரான ஃபாக் ஆலன், தான் வேறொரு கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் போவதாகச் சொன்னபோது, இந்த ஆட்டத்துக்குப் பயிற்சியெல்லாம் தர முடியாது, ஆடத்தான் முடியும் என்று நெய்ஸ்மித் பதில் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. இதில் நான் அவரோடு உடன்படவில்லை. கூடத்தில் பல ஆண்டுகள் பழக வாய்ப்புள்ள நகரத்துப் பிள்ளைகள் வேண்டுமானால் ஆடி ஆடியே கற்றுக்கொள்ளலாம். போச்சம்பள்ளியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பதினெட்டு வயதில் முதன்முதலாகப் பந்தைத் தொடும் மாணவருக்கு, எந்தக் காலை முதலில் வைப்பது என்பதிலிருந்து ஒருவர் சொல்லித்தர வேண்டும். ஆலன் அதைச் செய்தார். கான்சஸில் 1907 முதல் இரண்டு ஆண்டுகளும், பிறகு 1919 முதல் 1956 வரையும் பயிற்சியாளராக இருந்து, பயிற்சி என்பதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தினார். ஆனாலும் அந்த நாளைய விதிகள் நெய்ஸ்மித்தின் மனப்போக்கையே தாங்கி நின்றன. ஆட்டத்தின் நடுவே, டைம் அவுட் என்னும் இடைநிறுத்தத்தில்கூட, பயிற்சியாளர் ஆட்டக்காரர்களோடு பேசுவதற்கு 1940களின் இறுதி வரை அனுமதி கிடைக்கவில்லை. களத்தில் முடிவெடுக்க வேண்டியவர் கேப்டன்தான். இந்த ஒரு விஷயத்தில் பழைய முறையே நல்லது என்று நினைக்கிறேன்.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. அங்கே பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தந்த பி.டி. மாஸ்டரும் அங்கே படித்தவர். தர்மபுரி மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்டு, இரும்புப் பட்டையை வளைத்துச் செய்த வளையத்தில் எங்களை எறியச் சொன்னவர் அவர்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது நெய்ஸ்மித் நேரில் சென்று பார்த்தார். ஆட்டங்கள் திறந்தவெளியில், டென்னிஸ் ஆடும் மண்தரையில் நடந்தன. ஆகஸ்ட் 14 அன்று இறுதியாட்டத்தில் மழை கொட்டி, தரை சேறாகி, பந்தைத் தட்டவே முடியாத நிலையில் அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. அதே நாளில் நடக்க வேண்டியிருந்த ஹாக்கி இறுதியாட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அந்த மறுநாள்தான் தியான் சந்தின் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது.

மண்டலப் போட்டிக்கு முன்பாக, எங்கள் கோர்ட்டில் முன்னாள் மாணவர்களோடு ஓர் ஆட்டத்தை 1899 முறைப்படி நடத்த ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்தில் ஜம்ப் பால், ஃப்ரீ த்ரோ எறிய அணிக்கு ஒருவர், பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. வலையின் அடியைக் கயிற்றால் கட்டிவிடுவோம், பந்தை எடுக்கக் கழியோடு ஒருவர் நிற்பார். பெண்கள் அணியும் அன்று காலை அதே விதிகளில் தனியாக ஓர் ஆட்டம் ஆடுகிறது. வர விரும்பும் பழைய மாணவர்கள் ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், வெயிலுக்கு முன் இரண்டு ஆட்டங்களையும் முடிக்க வேண்டும்.